ஆலந்தலை வண்டிக்குப் பூட்டிய துத்தநாகம்

என் கைகள் முப்பத்தாறு வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டன. மீதி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆயிலும் கூலன்ட்டும் பட்டுப் பட்டு உள்ளங்கைத் தோல் வெடித்து, சோறு பிசைந்தால் எரியும் நிலைக்கு வந்தது. தோல் டாக்டர், கை அல்லது வேலை இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். கையை வைத்துக்கொண்டேன்.

அதனால் எங்கள் பாலிடெக்னிக் மலரில் ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பகுதிக்கு என்னைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது நரைத்த தலைகளின் பக்கம். ஆனால் கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு காரணம் இருந்தது. நான் வேலை பார்த்த வொர்க்‌ஷாப்பில் எஞ்சின் அறையை இடித்துச் சமமாக்கி, பேட்டரி கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் இடமாக மாற்றிவிட்டார்கள். அங்கே இப்போது சேர்ந்திருக்கும் ஒரு ஜூனியர், ஹெட் கேஸ்கெட் என்பது பாடத்தில் வருகிறது, கண்ணால் பார்க்கப் போவதில்லை, நீங்கள் கட்டிய எஞ்சினில் ஒன்றையாவது எழுதுங்கள் என்றாள். எஞ்சின்கள் போவதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. பேட்டரி கார் யார் கையையும் வெடிக்க வைக்காது. இருந்தாலும், ஒன்றை எழுது என்றால் எனக்கு ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. அது ஆலந்தலை வண்டி. அந்த ஒரு வண்டியில் நான் திடுக்கிட்டதுபோல மற்ற எல்லா வண்டிகளையும் சேர்த்தும் திடுக்கிட்டதில்லை.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆட்டோமொபைல் வகுப்பில் நாங்கள் இரண்டு பெண்கள். மற்றவள் வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள். நான் மில்லர்புரத்திலிருந்து சைக்கிளில் வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் பாகங்கள் கழுவினேன், அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டர், அப்புறம் பிரேக், கிளட்ச். எஞ்சின் அறைக்குள் என்னை விட்டவர் ஃபோர்மேன் மோத்தா சார்.

மோத்தா சார் கப்பல் எஞ்சின் அறைகளில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, முழங்கால் படியேற மறுத்ததால் கரைக்கு வந்தவர். அவர் பேசுவது குறைவு. யாரையும் திட்டமாட்டார். மேஜையில் வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்து அதன்மேல்தான் பாகங்களை வைக்கவேண்டும். விரிப்பு அழுக்கானால் பாகம் இன்னும் கழுவப்படவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். கழற்றிய போல்ட்டுகளை ஒரு அட்டையில், எஞ்சினின் மூடியான ஹெட்டின் வடிவத்திலேயே துளை போட்டு வரிசை மாறாமல் செருகவேண்டும்.

அவருக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, ஹெட் போல்ட்டை இறுக்கும்போது அறையில் யாரும் பேசக்கூடாது. ஒருமுறை முதலாளியே உள்ளே எட்டிப் பார்த்து எதையோ கேட்டார். மோத்தா சார் வலது கையில் ரெஞ்சை நிறுத்தாமல் இடது கையை மட்டும் உயர்த்தினார். முதலாளி வாசலிலேயே நின்றார். இரண்டு, ஹெட்டைத் தூக்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கவேண்டும். கப்பலில் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வராமல் பெரிய மூடிகளைத் தூக்கமாட்டார்களாம், அந்தப் பழக்கம். நான் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டுக் காரின் ஹெட்டைத் தூக்கியபோது, தண்ணீர் போகும் துவாரத்தில் முன்பு எங்கோ வேலை பார்த்தவர் விட்டுப்போன பழைய துணி ஒன்று சுருண்டு கிடந்தது. வண்டிக்காரர் நின்று பார்த்தார். பார்த்திராவிட்டால் அந்தத் துணி எங்களுடையது என்றுதான் கடைசிவரை நம்பியிருப்பார். அன்றிலிருந்து அந்த விதியை நான் மதித்தேன். அது வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்று அப்போது தெரியாது.

ஆலந்தலை என்ற மீனவ ஊரிலிருந்து அந்த வண்டி ஒரு லோடு வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது. டர்போ வைத்த நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின், வாடகைக்கு ஓடும் ஏழு பேர் வண்டி. திருச்செந்தூர் கோயிலுக்கு வருகிறவர்களை ரயிலடியிலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் ஏற்றிப் போய்க் கொண்டிருந்தது. ஓட்டியவன் பெயர் செல்வின். முப்பதைத் தாண்டிய, அமைதியான ஆள். கூட அவன் மனைவி ரெக்ஸ்லின். பேசியது முழுக்க அவள்தான்.

செல்வின் முன்பு விசைப்படகில் எஞ்சின் பார்த்தவன். அவனும் அவன் அண்ணன் அமலனும் ஒரே படகில் போனார்கள். ஒரு காற்றில் படகு கவிழ்ந்தது. செல்வின் காலி டீசல் கேன் ஒன்றைப் பிடித்து மிதந்து கரை சேர்ந்தான். அமலன் கிடைக்கவே இல்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அதன்பிறகு ரெக்ஸ்லின் இவனைக் கடலுக்கு விடவில்லை. மீட்டெடுத்த படகில் குடும்பத்துக்கு இருந்த பங்கை விற்று இந்தப் பழைய வண்டியை வாங்கிக் கொடுத்தாள். இப்போது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. அவளுக்கு என்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

"தடைக்காலம் முடியதுக்குள்ள வண்டி வந்துருமாக்கா? முடிஞ்சா போட்டுக்காரங்க இவுகளக் கூப்பிட வாசல்ல வந்து நிப்பாங்க. அன்னைக்கு வண்டி வீட்ல நிக்கணும். வண்டி நின்னாத்தான் இவுக நிப்பாக."

வந்துவிடும் என்றேன். அறிகுறிகள் பாடப் புத்தகத்தில் உள்ளபடி இருந்தன. ஸ்டார்ட் செய்த சற்று நேரத்திலேயே ரேடியேட்டர் குழாய் கல்போல இறுகியது, கூலன்ட் டப்பாவில் குமிழி கிளம்பியது, சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆயில் குச்சியில் ஆடை கட்டிய காப்பி நிறம். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: எஞ்சினின் அடிப்பாகம் பிளாக், அதன்மேல் மூடிபோல உட்காருவது சிலிண்டர் ஹெட். இரண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய எஃகுத் தகடுதான் கேஸ்கெட். நெருப்பும் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. டர்போ எஞ்சினில் காற்றை அழுத்தித் திணிப்பதால் நெருப்பின் உதை பெரிது, தகட்டின் பாடும் பெரிது.

ரேடியேட்டரிலிருந்து வடித்த தண்ணீரில் கூலன்ட்டின் பச்சை நிறமே இல்லை. பழுப்பாக வந்தது. ஊர்ப் போர்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அது எல்லோரும் செய்வது.

மறுநாள் காலையில் ஹெட்டைத் தூக்கினோம். மோத்தா சாரின் விதிப்படி செல்வினும் ரெக்ஸ்லினும் பக்கத்தில் நின்றார்கள். ஒரு முனையை நானும், மறு முனையை என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் சுடலை அண்ணனும் பிடித்துக்கொண்டோம். தூக்கி, கவிழ்த்து, விரிப்பில் வைத்தோம்.

நான் எதிர்பார்த்தது இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு கறுப்புத் தடம். அங்கே இருந்தது வெள்ளை. தண்ணீர்த் துவாரங்கள் பாதி அடைத்துப் போயிருந்தன. அலுமினியம் கறையான் அரித்த பலகைபோல இருந்தது. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே ஒட்டவேண்டிய பரப்பில் நகத்தை வைத்தேன், உலோகம் சுண்ணாம்புபோல உதிர்ந்தது. கையை எடுத்துக்கொண்டேன். எத்தனையோ ஹெட்டுகள் வளைந்து பார்த்திருக்கிறேன், விரிசல் விட்டுப் பார்த்திருக்கிறேன். நகத்துக்கு உதிர்ந்து பார்த்ததில்லை.

என் அப்பாவுக்கு உப்பள வேலை. அந்த வெள்ளையை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் சோதித்தேன். பிளாக்கின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து, தட்டில் ஊற்றி, ஹீட்டர் மேல் வைத்தேன். வற்றியதும் தட்டில் சதுரம் சதுரமாகப் பொடிப் பரல்கள் மின்னின. போர்த் தண்ணீர் இவ்வளவு உப்பை விடாது. இது கடல்.

சுடலை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏளா கனி, இது எஞ்சினா, உப்பளமா? ஒங்கப்பாவ வாருபலகையோட வரச் சொல்லு. ஒரு மூட தேறும்."

யாரும் சிரிக்கவில்லை. ரெக்ஸ்லின் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மோத்தா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். நான் அப்போதுதான் செல்வினைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒன்றுமில்லை. சோறு வெந்துவிட்டதா என்று பானைக்குள் பார்ப்பவன்போல ஹெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மோத்தா சார்தான் முதலில் பேசினார். ரெக்ஸ்லினிடம் தணிவாகச் சொன்னார். விசைப்படகு எஞ்சின் கடல் தண்ணீரையே உறிஞ்சி, சூட்டைத் தணித்துக்கொண்டு, கடலிலேயே துப்பிவிடும். அதையே பார்த்துப் பழகியவன், வண்டி சூடானதும் பக்கத்தில் கிடக்கும் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டான். கடல்காரனுக்கு வரக்கூடிய தப்புதான், அவனைக் கோபிக்க வேண்டாம் என்றார். செல்வின் உடனே தலையாட்டினான். "ஆமா சார். தெரியாமப் பண்ணிட்டேன்."

கணக்கு சரியாக வந்ததுபோல இருந்தது. ஆனாலும் அந்த முகம் எனக்குள் தங்கிவிட்டது. தெரியாமல் செய்தவன் திடுக்கிட வேண்டாமா?

வேலை தொடங்கியது. பழைய ஹெட் பயன்படாது. கோயம்புத்தூரிலிருந்து வேறொன்று வரச் சொன்னோம். பிளாக் இரும்பு, அதனால் தப்பியது. மேல்பரப்பில் நேர்கோல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைகிறதா என்று நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் பார்த்தேன், நுழையவில்லை. பிஸ்டன்களைக் கழற்றி, ரிங் மாற்றி, பேரிங் மாற்றினோம். டர்போவின் அச்சைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. சூட்டில் அதன் எண்ணெய் கருகிப் போயிருந்தது. அதன் நடுப்பாகத்தை முழுசாக மாற்றி, எண்ணெய்க் குழாயையும் புதிதாகப் போட்டோம். பழைய குழாயில் கரி ஒட்டியிருக்கும், அதை விட்டுவைத்தால் புது டர்போவும் அதே வழியில் போகும்.

வண்டி இல்லாததால் செல்வினுக்கு வேலை இல்லை. தினமும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். மோத்தா சார் ஒருநாள் அவன் கையில் ஒரு கம்பியைக் கொடுத்து, பிளாக்கின் தண்ணீர்ப் பாதையைச் சுரண்டச் சொன்னார். பழகிய கை. எங்கே படிவு கெட்டியாக இருக்கும் என்று கேட்காமலே தெரிந்தது அவனுக்கு. நான் பக்கத்தில் வால்வுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொழில் ஆர்வத்தில்தான் கேட்டேன், வேறு எண்ணம் இல்லை.

"போட்டு எஞ்சின்ல கடல் தண்ணிதான ஓடும். அதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆவாமயா? அதுக்குத்தான ஜிங்கு போடுதோம்." கையை நிறுத்தாமல் சொன்னான். "வெரல் தண்டிக்கு துத்தநாகக் கட்டி. உப்பு மொதல்ல அதத்தான் திங்கும், எஞ்சினத் தொடாது. மாசம் ஒருக்கா கழத்திப் பாத்து மாத்தணும். நான் பாத்த எஞ்சின்ல ஒருநாளும் மாத்தாம விட்டதில்ல. விட்டம்னா அலுமினியத்த அப்பிடியே அரிச்சி..."

நிறுத்தினான். கம்பியும் நின்றது.

நான் எதையும் மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்க்கிறவள். உப்பு அலுமினியத்தைத் தின்னும் என்று இவனுக்குத் தெரியும். படகில் ஒரு மாதம்கூடத் தவறாமல் அதைத் தடுத்திருக்கிறான். இந்த வண்டியில் உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். இந்த வரிசையில் 'தெரியாமல்' என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

எப்போதிருந்து என்று கேட்டேன். வண்டி வாங்கிய சில நாளிலிருந்தே என்றான். சவாரி இறக்கிவிட்டு வரும்போது கடற்கரையில் நிறுத்துவானாம். கூலன்ட்டை வடித்துவிட்டு, ஒரு குப்பியில் மொண்டு மொண்டு ஊற்றுவானாம். ஏன் என்று கேட்டேன்.

"அண்ணன் அங்கன கெடக்கான்," என்றான் பிளாக்கைப் பார்த்தபடி. "நான் இங்கன ஏசியப் போட்டுக்கிட்டு ஆளு ஏத்தித் திரியுதேன். வண்டி படுத்துட்டா அவளே கடலுக்குப் போன்னு சொல்லிருவான்னு நெனச்சேன்." அப்புறம், "வீட்ல சொல்லிராதிய."

நான் எழுந்துபோய்க் கை கழுவினேன். கை சுத்தமாகத்தான் இருந்தது. அறியாமையால் செத்த எஞ்சின்கள் தெரியும், சோம்பலால், கஞ்சத்தனத்தால் செத்தவை தெரியும். இப்படி ஒன்றை எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வந்ததா, பயம் வந்ததா என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, சாகட்டும் என்று நினைத்த எஞ்சினோடு இவன் நெடுஞ்சாலையில் போயிருக்கிறான்.

மோத்தா சாரிடம் சொன்னேன். அவர் கிராங்க் ஷாஃப்ட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஆயில் டின் மேல் உட்கார்ந்தார். எஞ்சின் அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கடல்காரனின் தப்பு என்று ரெக்ஸ்லினிடம் சொன்னவர் அவர்தானே. எழுந்து செல்வினைக் கூப்பிட்டார்.

"ஏலே, நாங்க வண்டியக் கட்டித் தாரோம். எடுக்க வரும்போது வீட்டம்மாவையும் கூட்டிட்டு வா. இதே எடத்துல நின்னு நீயே அவகிட்டச் சொல்லணும். நாங்க சொல்ல மாட்டோம். நீ சொல்லாமச் சாவி கெடைக்காது."

செல்வின் மறுநாளும் வந்தான், கம்பியை எடுத்துச் சுரண்டினான்.

கட்டிய விதத்தைச் சொல்லவேண்டும், பிள்ளைகள் கேட்டது அதைத்தான். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக்கின் பரப்பைத் தாண்டி எவ்வளவு தலை நீட்டுகிறது என்று டயல் கேஜில் நாலையும் அளக்கவேண்டும். அந்த அளவைப் பொறுத்துத்தான் கேஸ்கெட்டின் கனம். தகட்டின் ஓரத்தில் வெட்டிய சின்னக் காடிகளை எண்ணி எந்தக் கனம் என்று தெரிந்துகொள்ளலாம். பரப்பில் எண்ணெய், கிரீஸ், பசை எதுவும் கூடாது. எங்கள் ஊரில் பசை தடவாமல் ஒருவருக்கும் கை அடங்காது. இந்தத் தகட்டுக்கு அது விஷம். போல்ட் துளைகளின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் தேங்கியிருந்தாலும் இறுக்கும்போது அது பிளாக்கைப் பிளந்துவிடும், அதனால் காற்றடித்து உலர்த்தவேண்டும். போல்ட் புதியது. இந்த வகை போல்ட் இறுக்கும்போதே இழுபட்டு நீளும். ஒருமுறை நீண்டதை மறுபடி நம்பக்கூடாது.

நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நத்தை ஓட்டின் சுழிபோல வரிசை. முதலில் எல்லாவற்றையும் ஒரு சின்ன விசைக்கு, அப்புறம் பெரிய விசைக்கு, அதற்கப்புறம் விசையை விட்டுவிட்டுக் கோணம்: தொண்ணூறு டிகிரி, பிறகு இன்னொரு தொண்ணூறு. ஒவ்வொன்றையும் முடித்ததும் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. அன்று ரெஞ்சை என்னிடம் கொடுத்துவிட்டு மோத்தா சார் சுவரோரம் நின்றார். அறையில் யாரும் பேசவில்லை. போல்ட் இழுபடும்போது எழும் மெல்லிய முனகல் மட்டும் கேட்டது. சுடலை அண்ணன்கூட வாயைத் திறக்கவில்லை.

ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவுக்கு எண்ணெய் போய்ச் சேரவேண்டும். டீசலை நிறுத்திவிட்டு எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டோம். டர்போவுக்குப் போகும் குழாயின் நுனியில் எண்ணெய் தலைகாட்டியதும் குழாயைப் பூட்டினேன். அப்புறம் டீசல். பிடித்துக்கொண்டது. புகை இல்லை, தட்டல் இல்லை.

தடைக்காலம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தபோது ரெக்ஸ்லின் வந்தாள். பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மோத்தா சார் பானட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டார். செல்வின் முன்னால் வந்து நின்று, அவளைப் பார்க்காமல், எஞ்சினைப் பார்த்துச் சொன்னான். தெரியாமல் ஊற்றவில்லை, தெரிந்தேதான் ஊற்றினேன், வண்டி போகட்டும் என்றுதான் ஊற்றினேன் என்றான். நான் ரெக்ஸ்லினின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை அசையவில்லை.

"தெரியும்," என்றாள்.

நானும் மோத்தா சாரும் சுடலை அண்ணனும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தோம்.

"சீட்டுக்கு அடியில குப்பி கெடந்துச்சி. மூடியில உப்புப் பூத்திருந்துச்சி. கடக்கரையில பொறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?" அவனிடம் அல்ல, எங்களிடம் சொன்னாள். "ஊத்துத அன்னைக்கெல்லாம் இவுக கரையிலதான இருந்தாக. ஊத்தட்டும்னு விட்டுட்டேன். எஞ்சின் போனா கட்டித் தர நீங்க இருக்கிய. இவுக போனா நான் யாருட்ட கொண்டுபோயிக் கேக்க?"

ஹெட்டைத் தூக்கிய அன்று அவள் வாயைப் பொத்திக்கொண்டது ஏன் என்று அப்போது புரிந்தது. செய்தியைக் கேட்டு அல்ல. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்து. எஞ்சின் எங்கள் நடுவே ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. செல்வின் தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

ரெக்ஸ்லின் என்னைப் பார்த்துக் கேட்டாள், கடைக்காரரிடம் கேட்பதுபோல, சாதாரணமாக. "இனியும் ஊத்துனாகன்னா இன்னொருக்கா கட்டித் தருவியளாக்கா?"

முடியாது என்றுதான் சொல்லவேண்டும். பிளாக் இன்னொரு முறை தாங்காது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது வழி தோன்றியது. செல்வினிடம், படகில் போடும் துத்தநாகக் கட்டி ஒன்று கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். மோத்தா சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேனுவலில் இல்லையே என்றார். இல்லைதான் சார் என்றேன். படம் வரைந்து கொடு, லேத்தில் கடைந்து வாங்கலாம் என்றார்.

ரேடியேட்டரின் கீழ்க்குழாய் நடுவே பித்தளையில் ஒரு இணைப்புக் கடைந்து செருகி, அதில் பக்கவாட்டில் மரை போட்டு, விரல் பருமனுள்ள துத்தநாகக் கட்டியைப் பூட்டினேன். இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்கிறேன்: இது முறையான வேலை இல்லை. துத்தநாகம் பல கூலன்ட்டுகளோடு சண்டை போட்டுச் சேறு தள்ளும். பக்கத்தில் உள்ளதைக் காக்குமே தவிர ஹெட் முழுவதையும் காக்காது. நீங்கள் செய்யாதீர்கள். நான் செய்தது எஞ்சினுக்காக மட்டும் இல்லை. அடிக்கடி வந்து கூலன்ட்டை மாற்றி, கட்டியைக் கழற்றிக் காட்டவேண்டும் என்று நிபந்தனை போட்டேன். ரெக்ஸ்லின் தலையாட்டினாள்.

தடைக்காலம் முடிந்தது. படகுக்காரர்கள் வாசலுக்கு வந்தார்களாம். வண்டி வாசலில் நின்றது. செல்வின் போகவில்லை.

முதல் தடவை கட்டியைக் கழற்றியபோது அது கடித்துத் துப்பிய கரும்புபோல இருந்தது. எனக்கு மறுபடியும் திக்கென்றது. சும்மா இருந்தாலே கொஞ்சம் மங்கும், ஆனால் இவ்வளவு இல்லை. அவன் ஊற்றியிருக்கிறான். வண்டி சாகக்கூடாது என்றுதான் நான் கட்டி பூட்டியிருப்பது தெரிந்தும், பூட்டிய கட்டியே அவன் கொண்டு வந்ததாக இருந்தும், ஊற்றியிருக்கிறான். அப்படியானால் இது முன்பு ஊற்றியது போன்றது இல்லை. அண்ணன் கிடக்கும் தண்ணீரைக் கூடவே வைத்துக்கொள்ளத்தான் ஊற்றுகிறான் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே எல்லாவற்றையும் கழுவி, புதுக் கட்டி போட்டு, புதுக் கூலன்ட் ஊற்றி அனுப்பினேன். அடுத்த தடவை பாதி இருந்தது. அதற்கடுத்த தடவையும் ஏறத்தாழ அப்படியே. சுடலை அண்ணன் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "வாரும், துத்தநாக வியாபாரி," என்பார். அவனும் சிரிப்பான். இப்படியே பருவங்கள் போயின. என் கைகள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. பெரிய வேலைகளை விட்டுவிட்டேன், இந்த வண்டியை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் செல்வின் கடைசியாக வந்தான். அன்று வண்டியில் ரெக்ஸ்லினும் மகளும் இருந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வருகிறார்கள். பிள்ளை பின்சீட்டில் புதுப் பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து மரையைத் திருகினேன். செல்வின் பக்கத்தில் நின்றான். திறக்கும்போது வண்டிக்காரர் நிற்கவேண்டும் அல்லவா.

கட்டி முழுசாக வந்தது. மேலே லேசாகச் சாம்பல் படிந்திருந்தது, அவ்வளவுதான். விளிம்பில் லேத் போட்ட கோடுகூட அழியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துணியால் துடைத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

அவன் முகம் மாறியது. ஹெட் உதிர்ந்தபோது மாறாத முகம், மனைவி 'தெரியும்' என்றபோதுகூடக் குனிந்துகொண்ட முகம், இப்போது என் கண் முன்னால் வெளிறியது. கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அரித்த இடம் எங்காவது இருக்கும் என்று தேடுவதுபோல இருந்தது.

"நான் எப்பம் நிறுத்துனேன்?" என்றான். என்னிடம் கேட்கவில்லை. "எனக்கு நெனவே இல்லையே."

காருக்குள் ரெக்ஸ்லின் பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவன் கையிலிருந்து கட்டியை வாங்கினேன். கரையாத கட்டியை மாற்றத் தேவையில்லை. அதையே திரும்ப மரையில் வைத்து, ரெஞ்சை எடுத்தேன். இறுக்கும்போது பேசக்கூடாது என்பது மோத்தா சாரின் விதி. அது ஹெட் போல்ட்டுக்கு மட்டும்தான். ஆனாலும் அன்று நாங்கள் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டோம்.